மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்: ஓடத் தொடங்கியவர்களின் கேள்விகள்

ஓடத் தொடங்கியவர்களிடமிருந்தும், முதல் பந்தயத்திற்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். உடல்நலம் பற்றிய தனிப்பட்ட செய்திகள் அவற்றில் இருப்பதால், எழுதியவர்களின் பெயர்களை விடுத்து ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 38. கணினி முன் அமர்ந்து செய்யும் வேலை. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவில் ஓடுவது என்று அலுவலக நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஆனால் எனக்கோ இரண்டு நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது, விலாவில் பிடித்துக்கொள்கிறது. என் உடம்புக்கு இது ஒத்துவராதோ? (தாம்பரம் வாசகர்)

பதில்: ஒத்துவரும். உங்களுக்கு மூச்சு வாங்குவது நுரையீரலின் குறையால் அன்று, நீங்கள் ஓடும் வேகத்தால். பள்ளிப் பருவத்துக்குப் பிறகு ஓடாத ஒருவர் மீண்டும் ஓடத் தொடங்கும்போது, ஓட்டம் என்றதும் அவருடைய கால்களுக்கு நினைவு வருவது விளையாட்டு விழாவில் ஓடிய 100 மீட்டர் பந்தயம்தான். அந்த வேகத்தில் தசைகள் கேட்கும் ஆக்சிஜனைப் பயிற்சியில்லாத இதயத்தால் அனுப்பி முடிக்க இயலாது. ஆகவே இரண்டாம் நிமிடத்திலேயே உடல் நிறுத்தச் சொல்கிறது. நிறுத்தியவர் "எனக்கு ஓட்டம் வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் இதையே சொல்கிறார்கள்.

எவ்வளவு மெதுவாக ஓட வேண்டும் என்பதை அறியக் கைக்கடிகாரமோ கருவியோ தேவையில்லை. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை, நடுவில் மூச்சு முறியாமல் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு வலியுறுத்தியதும் இத்தகைய ஓட்டத்தையே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அதே லிடியார்டு ஆக்லாந்தில் நடுவயதினரையும் இதயநோய் கண்டவர்களையும் மெல்லோட்டத்துக்கு அழைத்துவந்தார். ஒலிம்பிக் வீரனுக்கும் அலுவலகப் பணியாளருக்கும் அடித்தளம் ஒன்றே என்பது அவருடைய துணிபு. மெதுவாக ஓடும்போதுதான் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளித்தள்ளப் பழகுகிறது. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. இந்த மாற்றங்களைப் பெற மூச்சிரைக்க ஓட வேண்டியதில்லை.

அடுத்தது, இடையில் நடப்பதை இழுக்காக எண்ணாதீர்கள். 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஓட்டமே அறியாதவர்களுக்காக வகுத்த ஒன்பது வாரத் திட்டம் இன்று உலகெங்கும் 'கௌச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டருக்கு) என்ற பெயரில் பின்பற்றப்படுகிறது. வாரத்தில் மூன்று நாள்கள்தான் பயிற்சி. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகமாக நடந்த பிறகு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறிமாறி 20 நிமிடம் செய்ய வேண்டும். ஒன்பதாம் வார இறுதியில் நிற்காமல் 30 நிமிடம் ஓடும் நிலை வருகிறது. உங்களுக்கு ஆறு மாதம் இருப்பதால் இதைப் பன்னிரண்டு வாரமாக நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுபடியும் செய்யுங்கள், அதில் தோல்வி ஏதுமில்லை. பிறகு வாரத்துக்கு ஒரு நாளை நெடுந்தூர நாளாக வைத்துக்கொண்டு, 5 கிலோமீட்டரிலிருந்து சிறிது சிறிதாக ஏற்றி, டிசம்பர் நடுவில் ஒரு முறை 9 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால் போதும். அதிலும் இடையிடையே நடக்கலாம். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, ஓட்டத்துக்கிடையே முன்கூட்டியே திட்டமிட்டு நடக்கும் முறையைத்தான் வாழ்நாள் முழுவதும் கற்பித்தார். களைத்த பிறகு நடப்பதும், களைப்பதற்கு முன்பே நடப்பதும் ஒன்றல்ல என்பதை இரண்டே வாரத்தில் நீங்கள் உணர்வீர்கள்.

விலாப் பிடிப்புக்கு: ஓடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வயிறு நிறைய உண்ணாதீர்கள், பிடித்துக்கொண்டால் நடைக்கு மாறி, மூச்சை ஆழமாக, முழுவதுமாக வெளியே விடுங்கள்.

கேள்வி: நான் ஓடத் தொடங்கி ஆறு வாரங்கள் ஆகின்றன. முதல் மாதம் மிக நன்றாகச் சென்றது. மூச்சு பழகிவிட்டதால் வாரத்துக்கு ஆறு நாள்கள், நாளுக்கு 5 கிலோமீட்டர் என்று ஓடினேன். இப்போது இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே, உட்புற எலும்பு ஓரமாக வலிக்கிறது. எப்போதும் ஒரு சோர்வும் இருக்கிறது. வயது 31. வலியைப் பொருட்படுத்தாமல் ஓடினால் பழகிவிடும் என்கிறார்கள். உண்மையா? (திருச்சி வாசகி)

பதில்: இந்த வலி ஓடி ஓடிப் பழகிவிடும் வலி அன்று. தயவுசெய்து இன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் "மூச்சு பழகிவிட்டதால்" என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாக ஓடுகிறவர்களுக்கு நேரும் துன்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரு சொற்றொடரில் அடங்கியிருக்கிறது. இதயமும் இரத்த ஓட்டமும் சில வாரங்களில் முன்னேறிவிடும். தசைகள் அடுத்து வரும். தசைநாண்களும் எலும்பும் மாதக் கணக்கில் பின்தங்கி வரும். எலும்பு உயிருள்ள பொருள். ஓட்டத்தின் அதிர்வு அதன்மேல் விழும்போது, உடல் அதை உறுதிப்படுத்த முனைகிறது. ஆனால் சாலையைச் செப்பனிடுகிறவர்கள் முதலில் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிறகுதான் புதிய தாரை இடுவதைப்போல, உடலும் முதலில் பழைய எலும்பைக் கரைத்துவிட்டுப் பிறகே புதியதை நிரப்புகிறது. இந்தச் சுற்று முழுமையாக முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட நாள்களில், முன்னைவிட வலுவற்ற எலும்பின்மேல் நீங்கள் வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். சுரண்டிப்போட்ட சாலையில் லாரியை விட்டதுபோல் ஆகிவிட்டது.

இனி, இது எந்த வகை வலி என்று பார்க்க வேண்டும். எலும்பின் ஓரமாக நான்கு விரல் அகலத்துக்கோ அதற்கு மேலோ பரவலாக வலித்து, ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் குறைவதுபோல் இருந்தால், அது பெரும்பாலும் எலும்பின் மேலுறையை ஒட்டிய வலி, ஓய்வில் ஆறிவிடும். மாறாக, ஒரு விரல் நுனியால் "இங்கேதான்" என்று தொட்டுக் காட்டும்படி ஓர் இடத்தில் வலித்தாலோ, நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் நுண்விரிசல் இருக்கக்கூடும். உடனே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நுண்விரிசல் தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். ஆகையால் எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று அவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். நானே ஒருமுறை எக்ஸ்ரேயை நம்பி மேலும் மூன்று வாரம் ஓடி, பிறகு மூன்று மாதம் ஓடாமல் இருந்தவன்.

பரவலான வலிதான் என்றால், நடக்கும்போது முற்றிலும் வலியில்லாத நிலை வரும்வரை ஓடாதீர்கள். மிதிவண்டியும் நீச்சலும் அதுவரை மூச்சைக் காப்பாற்றித் தரும். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி இறக்கும் பயிற்சியை, வலிக்காத அளவுக்கு நாள்தோறும் செய்யுங்கள். திரும்பி வரும்போது ஒருநாள் விட்டு ஒருநாள், நடையும் ஓட்டமும் கலந்து, முன்னைவிடச் சிறிய அடிகளாக எடுத்துவைத்து ஓடுங்கள். பாதம் உடலுக்கு வெகு முன்னே சென்று ஊன்றாமல், இடுப்புக்குக் கீழேயே ஊன்றினால் கணைக்கால் எலும்பில் விழும் அடி குறையும்.

வாரத்துக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியைப் பலர் உங்களுக்குச் சொல்வார்கள். நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரில் 4 மைல் ஓட்டத்துக்குத் தயாரான 532 புதியவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்து, 2008இல் வெளியிட்ட ஆய்வில், பத்து விழுக்காட்டு விதிப்படி 13 வாரம் பயின்றவர்களுக்கும், 8 வாரத்தில் பயின்றவர்களுக்கும் காயம் ஏறத்தாழ ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்கு ஏற்பட்டது. கணக்கு மட்டும் நம்மைக் காப்பதில்லை என்பதையே இது காட்டுகிறது என்று நான் கருதுகிறேன். ஓட்டத்துக்கு மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி ஊன்றும் முதல் அடியில் கால் என்ன சொல்கிறது என்பதைக் கேளுங்கள். முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால் அன்று ஓட்டம் இல்லை.

சோர்வைத் தனியாகக் கவனியுங்கள். 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபினையும் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கிய பின் மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ நேர்ந்திருந்தால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ப உண்ணாதபோது உடல் அவ்வாறு அறிவிக்கிறது. எலும்பு பலவீனமாவதும் அதனோடு சேர்ந்தே நடக்கும். உடல் எடையைக் குறைப்பதற்காகச் சோற்றைக் குறைத்துக்கொண்டே ஓட்டத்தைக் கூட்டும் பெண்கள் பலரைப் பார்க்கிறேன். அவர்களைப் பற்றி எனக்கு உண்மையாகவே கவலை உண்டு.

கேள்வி: பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் ஷூ வாங்கினால்தான் காயம் வராது என்று நண்பர் சொல்கிறார். (கோவை வாசகர்)

பதில்: அந்த விலை தேவையில்லை. கார்பன் தகடு வைத்த பந்தயக் காலணிகள் வேகமாக ஓடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை. உங்களுக்கு வேண்டியது, போட்டவுடன் காலுக்கு இதமாக இருக்கும் ஓட்டக் காலணி. மாலையில் கடைக்குச் செல்லுங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கி இருக்கும். ஓடும்போது அணியும் காலுறையையே அணிந்து பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடைக்குள்ளேயே சில அடிகள் ஓடிப் பாருங்கள். நடைக்காகவோ மட்டைப்பந்துக்காகவோ வாங்கியதை ஓட்டத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு இணை 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும்.

கேள்வி: எனக்கு 52 வயது, எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரை எடுக்கிறேன். நடைப்பயிற்சியிலிருந்து ஓட்டத்துக்கு மாறலாமா? (சேலம் வாசகர்)

பதில்: மாறலாம், ஆனால் மருத்துவரைப் பார்த்த பிறகு. எட்டு ஆண்டுச் சர்க்கரை நோய் இதயத் தமனிகளை ஓசையின்றிப் பாதித்திருக்கக்கூடும் என்பதால், இ.சி.ஜி.யுடன் டிரெட்மில் பரிசோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள். விழித்திரையையும் பாதங்களின் உணர்வையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்கும் மாத்திரை எந்த வகை என்பது மிக முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு போன்றவையோ இன்சுலினோ என்றால் ஓட்டத்தின்போதும், அதற்குப் பல மணி நேரம் கழித்தும்கூடத் தாழலாம். ஆகவே ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். நோயைக் குறிக்கும் அட்டையும் இருக்கட்டும். வீடு திரும்பியதும் காலுறையைக் கழற்றி விரலிடுக்கு வரை பாதத்தைப் பாருங்கள். உணர்வு குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தது தெரியாது.

இது வயதையும் நோயையும் கடந்து அனைவருக்கும்: ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டிக்கொண்டு வருதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவ உதவி கேளுங்கள். "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போகாதீர்கள்.

கேள்வி: காலை ஐந்து மணிக்கு ஓடுகிறேன். தெருநாய்கள் துரத்துகின்றன. (மதுரை வாசகி)

பதில்: ஓடும் உருவத்தைத் துரத்துவது நாயின் இயல்பு. தொலைவில் கண்டதும் நடைக்கு மாறி, கண்ணோடு கண் பார்க்காமல், சற்று விலகிக் கடந்து செல்லுங்கள். திரும்பி ஓடவோ கல்லெடுக்கவோ வேண்டாம். குட்டி ஈன்ற நாய் இருக்கும் தெருவைச் சில வாரங்களுக்குத் தவிருங்கள். கடித்தாலோ கீறினாலோ, சிறிய கீறலே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த தவணைகளையும் விடாதீர்கள். இருட்டில் ஓடும்போது வெளிச்சத்தில் மின்னும் பட்டை உள்ள சட்டையும், எதிரே வரும் வண்டியைப் பார்க்கும்படி வலப்பக்கமாக ஓடுவதும் நல்லது. காதில் பாட்டு வேண்டாம்.

கேள்வி: ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? தாகம் எடுப்பதற்கு முன்பே குடிக்க வேண்டும் என்று படித்தேன். (வேலூர் வாசகர்)

பதில்: ஒரு மணி நேரத்துக்குட்பட்ட ஓட்டத்துக்கு, முன்னதாக ஒரு குவளை குடித்திருந்தால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் தாகத்தை நம்பிக் குடியுங்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், குமட்டல், குழப்பம், வலிப்பு, உயிரிழப்பு வரை கொண்டுசெல்லும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தை ஆய்ந்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே, அதாவது வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்களுக்கே, அந்த ஆபத்து மிகுதியாக இருந்தது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. கடலோர நகரங்களில் விடியற்காலையில் வெப்பம் குறைவாக இருந்தாலும் காற்றில் ஈரம் மிகுதி; வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது; சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. எத்தனை குவளை குடித்தாலும் அந்தச் சூடு தணியாது. வேகத்தைக் குறைப்பதே வழி. உடல் வெப்பத்துக்குப் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் உப்பிட்ட மோரோ, உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறோ நல்லது.

கேள்வி: பந்தயத்தில் கடைசியாக வந்துவிடுவேனோ என்ற கூச்சத்தால் பெயர் கொடுக்கவே தயங்குகிறேன். எந்தப் பந்தயத்தில் தொடங்கலாம்? (புதுச்சேரி வாசகி)

பதில்: உங்களுக்கு அருகிலேயே ஆரோவில் மாரத்தான் இருக்கிறது. 2008இல் தொடங்கிய அந்த ஓட்டம், பிப்ரவரியில், காட்டுக்கு நடுவே செம்மண் பாதைகளில் நடக்கிறது. அங்கே பரிசும் இல்லை, ஓடிய நேரத்தைப் பதிவுசெய்வதும் இல்லை; ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுங்கள் என்பதுதான் அதன் கொள்கை. வேர்களும் கற்களும் உள்ள பாதையாதலால் முன்னதாகச் சில நாள்கள் மண்பாதையில் ஓடிப் பழகுங்கள். சாலை ஓட்டமே வேண்டும் என்றால், 10 கிலோமீட்டர் பிரிவில் நடந்தே முடிப்பவர்கள் பலர் இருக்கும் பெரிய நகரப் பந்தயம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பதிவு செய்வதற்கு முன், எத்தனை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பைப் பாருங்கள். கடைசியாக வருகிறவருக்காக எல்லைக் கோட்டில் எழும் கைதட்டலை நான் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன்; முதலில் வருகிறவருக்குக் கிடைப்பதைவிட அது நீண்டதாகவே இருக்கிறது.

கேள்வி: இன்னும் இரண்டு வாரத்தில் என் முதல் 10 கிலோமீட்டர் பந்தயம். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று விரிவாக எழுதுங்கள். (திருநெல்வேலி வாசகர்)

பதில்: செய்ய வேண்டிய பயிற்சியை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். இனி இரண்டு வாரத்தில் கூடுதலாக ஓடிச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை, களைப்பைத்தான் சேர்ப்பீர்கள். கடைசி நெடுந்தூர ஓட்டத்தைப் பத்து நாள்களுக்கு முன்பே முடித்துவிட்டு, பிறகு நாள்களைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் பாதியளவுக்குக் குறையுங்கள். கால்கள் துறுதுறுக்கும், "இன்னொரு முறை 10 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தால் என்ன" என்று தோன்றும். வேண்டாம்.

பந்தய நாளில் எதுவும் புதியதாக இருக்கக் கூடாது. அமைப்பாளர்கள் கொடுக்கும் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடி, அக்குளும் மார்பும் உராய்ந்து இரத்தம் கசிய வந்து நிற்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நீங்கள் ஓடிப் பழகிய சட்டை, துவைத்துப் பழகிய காலுறை, குறைந்தது 40 கிலோமீட்டராவது ஓடிய ஷூ ஆகியவையே போதும். உராயும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை வியர்வையை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதால் தவிருங்கள். உணவிலும் அப்படியே: பயிற்சி நாள்களில் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டு ஓடிப் பழகியிருந்தால், பந்தயத்துக்கு ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு முன் அதையே உண்ணுங்கள். முந்தைய இரவு காரமும் எண்ணெயும் மிகுந்த உணவு வேண்டாம். வலி வராமலிருக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் வழக்கம் பரவிவருகிறது. ஐபுபுரொஃபென் போன்ற மருந்துகள் வியர்த்து நீர் இழந்த உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. போடாதீர்கள்.

முந்தைய நாளே பிப் எண்ணை, அதாவது உங்கள் பந்தய எண் அச்சிட்ட தாளை, வாங்கி, நான்கு ஊக்குகளால் சட்டையின் முன்புறம் குத்திவைத்துவிடுங்கள். நேரத்தைப் பதிவுசெய்யும் சிப் பெரும்பாலும் அதன் பின்புறம் ஒட்டியிருக்கும், மடிக்காதீர்கள். அவசரத் தொடர்பு எண்ணும் இரத்த வகையும் எழுத இடம் இருந்தால் மறக்காமல் எழுதுங்கள். அன்றிரவு தூக்கம் வராது. அதற்காகக் கலங்க வேண்டாம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகளின் உறக்கம்தான் கணக்கு.

தொடங்கும் இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்றுவிடுங்கள், ஏனெனில் கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும். கூட்டத்தின் பிற்பகுதியில் நில்லுங்கள். சிப் உள்ள பந்தயங்களில் நீங்கள் கோட்டைத் தாண்டும் நொடியிலிருந்தே உங்கள் நேரம் தொடங்குவதால், பின்னால் நிற்பதில் இழப்பில்லை. இனிதான் மிகக் கடினமான பகுதி: முதல் இரண்டு கிலோமீட்டர். மேளமும் ஒலிபெருக்கியும் ஆயிரம் கால்களும் சேர்ந்து உங்களை இழுத்துக்கொண்டு போகும். ஓய்வெடுத்த கால்களுக்கு அந்த வேகம் சுலபமாகத் தோன்றும். அங்கே பக்கத்தில் ஓடுகிறவரிடம் அவர் ஊர் எது என்று கேளுங்கள். கேள்வியை முழுதாகக் கேட்க முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஏழாவது கிலோமீட்டரைக் கடந்த பிறகு, தெம்பு மிச்சமிருந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

தண்ணீர் வைத்திருக்கும் இடத்தில் முதல் மேசையில் நெரிசல் இருக்கும். கடைசி மேசைக்குச் செல்லுங்கள், கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு நடந்தபடியே குடியுங்கள், கோப்பையைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடுங்கள். சாலையில் வீசினால், அதை எடுத்துப் போடப் பின்னால் ஒரு தூய்மைப் பணியாளர் குனிய வேண்டியிருக்கிறது.

எல்லைக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள்; கால்களில் இரத்தம் தேங்கித் தலை சுற்றலாம். பத்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள், பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள் தொடை அதிகமாக வலிக்கும், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அது இயல்பு. மூன்று நாள் நடை மட்டும் போதும். நான்காம் நாள், வலி இல்லையென்றால், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் 20 நிமிடம்.